டெக்ஸாஸில் உதை, பாகாயத்தில் வைத்தியம்!

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. சாதா லாரியில் கியர் 'கர்ர்ர்' என்று கத்தினால், "கிளட்சை ஒழுங்கா மிதிய்யா!" என்று டிரைவரைத் திட்டலாம். ஆட்டோமேட்டிக்கில் திட்டுவதற்கு ஆளே கிடையாது. வண்டியே கியர் போட்டுக்கொள்ளும். வண்டியே முதுகில் உதைக்கும்.

என் மச்சானை உதைத்தது. டெக்ஸாஸில் எம்.எஸ். படிக்கிற பையன். "இங்கே பஸ்ஸே இல்லை மாமா" என்று 1,800 டாலருக்கு 1988 மாடல் பிக்கப் டிரக் ஒன்றை வாங்கிவிட்டான். எட்டு சிலிண்டர், பெட்ரோல். ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்னாலிருந்து எவனோ இடித்த மாதிரி 'டொம்!' அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பாக்ஸை இறக்கிப் பிரிக்க 2,200 டாலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் பி.காம். கியர் பாக்ஸ் தெரியாது, கழித்தல் தெரியும். வண்டியைவிட வைத்தியம் 400 டாலர் ஜாஸ்தி! அவன் ஃபீஸுக்காக என் மனைவியின் வளையல்கள் ஏற்கெனவே பேங்க்கில் அடகில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது செயின்தான். அதைத் தடவிக்கொண்டே, "நம்ம பாயைக் கேளுங்களேன்" என்றாள்.

பாய்க்கு பாகாயத்தில் ஷெட். ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் லோடு அடிக்கிற கிழட்டு லாரிகள்தான் அவருக்கு வாடிக்கை. அதற்கு முன்னால் 14 வருஷம் தம்மாமில் அமெரிக்க வண்டிகளோடு குடித்தனம் நடத்தியவர். ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ காலில் மச்சானைப் பிடித்துக் கொடுத்தேன்.

பாய் முதலில் வண்டியைக் காட்டச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "தம்பி, எப்போ உதைக்குது? நிக்கிற வண்டியில 'டி' போடறப்பவா, ஓடறப்பவா? ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

எல்லா கியருக்கும். அதுவும் மெதுவாகப் போனால்கூட, லேட்டாக மாறி, உதைக்கிறது.

"சரி, இன்ஜின் சூடாகட்டும். சமதரையில நிறுத்தி, ஓடவிட்டே டிப் ஸ்டிக்கை உருவு." ஆயில் அளவு சரி. சிவப்பாகத்தான் இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. கறுத்து, தீய்ந்து நாறினால் உள்ளே பிளேட் எரிகிறது என்று அர்த்தமாம். அப்போது பிரித்துத்தான் ஆகவேண்டும். அடுத்து, இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, புரப்பல்லர் ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். கிராஸ் ஆடவில்லை. இன்ஜின் மவுன்டிங் ரப்பரும் முழுசாக இருந்தது.

"இன்ஜின்லேர்ந்து கியர் பாக்ஸுக்கு ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் போகும். தேடு."

இதற்குள் எனக்கு விளக்கம். ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்குள்ளும் கிளட்ச் பிளேட்டுகள் உண்டு. அவற்றைப் பிடிப்பது கால் அல்ல, ஆயில் பிரஷர். லோடு அதிகமென்றால் இறுக்கிப் பிடிக்கவேண்டும். காலி வண்டியென்றால் மெதுவாகப் பிடித்தால் போதும். லோடு எவ்வளவு என்று பாக்ஸுக்கு யார் சொல்வது? அந்தக் காலத்து பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இன்ஜினின் வேக்கம்தான் சொல்லும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேக்கம் குறையும். ஹோஸ் வெடித்தாலும் பாக்ஸுக்கு வேக்கம் வராது. உடனே அது, பாவம், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஃபுல் லோடோடு ஏறுவதாக நினைத்துக்கொண்டு பிளேட்டுகளை இறுக்கித் தள்ளும். 'டொம்!'

"ஹோஸ் முனை கிழிஞ்சிருக்கு பாய்!" என்றான் மச்சான், டெக்ஸாஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"கத்தாதே. உள்ளே சிவப்பு ஆயில் இருக்கா பாரு." இருந்தால் பாக்ஸ் பக்கத்து டயாஃப்ரம் கிழிந்து, இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கிறதாம். இல்லை, உலர்ந்திருந்தது.

புது ஹோஸ் 4 டாலர். மாட்டினான். உதை நின்றது.

புது மாடல் வண்டிக்காரர்கள் ஹோஸ் தேடி அலையவேண்டாம். அதில் சென்ஸாரும் கம்ப்யூட்டரும்தான். ஒயர் போனாலும் பிளேட்டைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பிரஷரை ஏற்றிவிடும் வண்டிகள் உண்டு; முதலில் கோடு படிக்கவேண்டும் என்கிறார் பாய். ஒரே ஒரு கியரில் மட்டும் உதைத்தால் அது வேறு கதை. உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கலாம்.

பாய் வாங்கிக்கொண்டது ஒரு டீ, இரண்டு சமோசா. செயின் கழுத்திலேயே இருக்கிறது. வளையல்களை மச்சான் வேலைக்குப் போய் மீட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.