விற்ற வண்டிக்கு யார் சொந்தக்காரர்?

‘வாகனம்’ என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுவாமி புறப்பாடுதான். ரிஷப வாகனம், மயில் வாகனம், கைலாச வாகனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் இவை எதுவும் வாகனம் இல்லை. வைக்கோல் ஏற்றிப் போகும் மாட்டுவண்டியும் இல்லை. இயந்திர விசையால் ஓட வேண்டும், சாலையில் ஓடத் தகுந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது வாகனம். தண்டவாளத்தில் ஓடினால் அதுவும் சேராது.

நீதிமன்ற ஊழியனாக இருந்த காலத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. அப்போது கவனித்தது ஒன்று உண்டு. பாதி வழக்குகளில் தகராறு விபத்தைப் பற்றியே இருக்காது, ஒரு சொல்லைப் பற்றி இருக்கும். நாம் திண்ணையில் உட்கார்ந்து ஓர் அர்த்தத்தில் பேசுகிற சொல்லுக்கு, 1988-ம் வருஷச் சட்டம் தன் 2-வது பிரிவில் வேறு அர்த்தம் எழுதி வைத்திருக்கும்.

‘பொது இடம்’ என்பதைப் பாருங்கள். தஞ்சாவூர் நாலு ராஜவீதிகளைச் சுற்றி எத்தனை முட்டுச்சந்துகள்! “நான் எங்க சந்துக்குள்ளதானே ஓட்டறேன், இன்ஷூரன்ஸ் எதுக்கு?” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சட்டத்தில் பொது இடம் என்பது பொதுஜனங்கள் வந்துபோக உரிமை உள்ள இடம், அவ்வளவுதான். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போக முடிகிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. முட்டுச்சந்தும் பொது இடமே.

டிராக்டர் கதை இன்னும் வேடிக்கை. சட்டத்தின்படி டிராக்டர் என்பது தன்மேல் பாரம் ஏற்றுவதற்காகச் செய்யப்படாத மோட்டார் வாகனம். நம் ஊரிலோ மட்கார்டில் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் இல்லாமல் ஒரு டிராக்டர் ஊரைத் தாண்டாது. விவசாய டிராக்டரின் டிரெய்லர் விவசாயப் பொருட்களை ஏற்றத்தான் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. காதுகுத்துக்கும் காவடிக்கும் நாம் அதில் ஜனங்களை ஏற்றுகிறோம். கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

‘இலகு ரக வாகனம்’ என்பதன் எல்லை 7,500 கிலோ. மூட்டைக்கு 60 கிலோ என்று வைத்தால் 125 மூட்டை நெல்லின் எடை! அதற்குப் பெயர் இலகு. அந்த லைசென்சை வைத்துக்கொண்டு சின்ன சரக்கு வண்டி ஓட்டலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் இழுபறி நடந்தது. 2024 நவம்பரில்தான் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஓட்டலாம் என்று முடித்து வைத்தது.

இதெல்லாம் பேச்சுக்கு ருசியான விஷயங்கள். ‘உரிமையாளர்’ என்ற சொல் அப்படி இல்லை. அது எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

எதிர் வீட்டு வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு, 2012-ல், தன் பழைய மொபெட்டை விற்றார். வாங்கினவர் தெரிந்தவர்தான். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்து, 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். நம்மில் பலர் செய்வது இதைத்தான். பெயர் மாற்றுவது வாங்கினவன் வேலை என்று நினைப்பு. சட்டம் இரண்டு பேருக்கும் வேலை வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கினவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கினவர் மாற்றவில்லை. இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். அவரும் மாற்றவில்லை, இன்ஷூரன்சும் கட்டவில்லை.

2015 தை கடைசி, சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் சிக்கல் என்பது உங்களுக்குத் தெரியும். களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில்தான் காயவைக்கிறார்கள். திருவையாறு பக்கம் அப்படிக் காய்ந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு கூலிக்கார அம்மாவை அந்த மொபெட் இடித்துத் தள்ளியது. ஓட்டியவன் இருபது வயசுப் பையன். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மறுபடி நாற்றுப் பிடுங்கக் குனிய முடியாத உடம்பாகிவிட்டது.

வாத்தியாருக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“சார், நான் அந்த வண்டியை வித்து மூணு வருஷம் ஆச்சு. ஓட்டினவன் யாருன்னே தெரியாது. என் பேரை ஏன் போட்டிருக்கான்?”

“நீங்கதான் சார் ஓனர்.”

“வித்துட்டேங்கறேனே!”

வாத்தியார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1939-ம் வருஷத்துப் பழைய சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்பதற்குப் பதிவுப் புத்தகத்தோடு இப்படி ஒரு முடிச்சு இல்லை. நாமெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தச் சட்டத்தின் காலத்தில். 1989 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான், யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சொல்லில் கட்டியது. கடனில் வாங்கிய வண்டிக்கு மட்டும், அதை அந்த ஒப்பந்தத்தின்படி கையில் வைத்திருப்பவர் உரிமையாளர். மற்றபடி பணம் கைமாறியதையோ, சாவி கைமாறியதையோ அது பார்ப்பதில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. 2007-ல் விற்று, பல கைகள் மாறிய ஒரு கார், 2009-ல் பின்பக்கமாக வந்தபோது ஒரு சிறுவன் மேல் ஏறி அவன் இறந்துபோனான். அதற்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. உயர் நீதிமன்றம் கடைசியாக வாங்கினவர் தரவேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கைமாறிய ஒவ்வொருவர் வீட்டுப் படியாக ஏறி இறங்க முடியாது என்பது அதன் சாரம்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. வாத்தியாரிடமும் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பக்கம் நின்று பாருங்கள். வாத்தியாரைக் கேட்டால் அவரைக் காட்டுவார், அவரைக் கேட்டால் இவரைக் காட்டுவார். ஓட்டிய பையனிடம் ஜப்தி செய்ய ஒரு செல்போனைத் தவிர ஒன்றும் இல்லை. அரசாங்கப் புத்தகத்தில் எழுதியிருந்த ஒரே ஒரு பெயர்தான் அவர் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கொம்பு.

எதிர்த்தரப்பில், சாலையில் நெல் கொட்டியது குற்றம் என்று ஒரு வாதமும் கிளம்பியது. பொதுவழியை மறிப்பது குற்றம்தான். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவில் அதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் நெல் அந்த அம்மாவுடையது இல்லையே. கூலிக்குக் கிளற வந்தவர். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகப் பேசி முடித்தார்கள். வாத்தியார் தன் வைப்புத்தொகை ஒன்றை உடைத்துக் கட்டினார். விற்ற விலையைப்போல எத்தனையோ மடங்கு. வாங்கினவர் மேல் வழக்குப் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம் என்று வக்கீல் சொன்னார். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் பலபேர் தங்கள் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் மூன்று வீடுகளில் காலமான அப்பாவின் பெயர் இருந்தது! பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம் வரை அந்த வண்டியை வாரிசு ஓட்டலாம். அதற்குள் 31-ம் எண் படிவத்தில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கவும் வழி வந்துவிட்டது. வங்கிக் கணக்குக்கு நாமினி போட்ட நம்மில் எத்தனை பேர் ஸ்கூட்டருக்குப் போட்டிருக்கிறோம்? நான் போன மாசம்தான் என் மருமகளின் பெயரைக் கொடுத்தேன். வண்டியை ஓட்டுவது அவள்தானே.

மொபெட்டைச் சொல்ல விட்டுப்போச்சு. வழக்கில் பிடித்த வண்டி காவல் நிலைய வாசலில் வேப்பமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு என்று பார்த்தால், பதிவுப் புத்தகப்படி வாத்தியாருக்குத்தான். மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய இரும்புக்காரன் வாசலிலேயே விலை பேசினான்.

“இருப்பா” என்றார் வாத்தியார். இனி ஓடாத வண்டி என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, பதிவை ரத்து செய்த தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் அவனை மறுபடி கூப்பிட்டார்.