ஆயாவும் ஈஸ்ட் பெங்காலும்

கொல்கத்தாவில் புதிதாகக் குடிவந்தவரிடம் பெயர், சொந்த ஊர், வேலை எல்லாம் விசாரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா? வங்கி வேலையில் மாற்றலாகி 1996-ல் அங்கே போனபோது என்னையும் கேட்டார்கள். தமிழ்நாட்டுக்காரன், இவனுக்கு எதற்கு நம் சண்டை என்று ஒருவரும் என்னை விட்டுவைக்கவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லாதவனை, இன்னும் வந்து சேராதவனாகத்தான் அந்த ஊர் பார்க்கும்.

நான் சொன்ன பதில் ஈஸ்ட் பெங்கால். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணமும் கைவசம் வைத்திருந்தேன். 1949 முதல் சில ஆண்டுகள் அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள். பஞ்ச பாண்டவர்கள் என்று வங்காளிகள் அவர்களைக் கொண்டாடினார்கள். "எங்க பக்கத்து ஆளுங்க ஆடின டீம்" என்றால் கேட்டவர் மகிழ்ந்துபோவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். சொன்னது பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. அதை வீட்டில்கூட நெடுங்காலம் நான் சொன்னதில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது தேர்வே அல்ல, பிறப்பு. மேற்கு வங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாகக் கொண்ட 'கொட்டி' குடும்பங்களுக்கு மோகன் பகான். இன்று வங்கதேசமாக இருக்கும் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த 'பாங்கால்' குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் ஜெயித்த வீட்டில் இறால் சமைப்பார்கள், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த வீட்டில் இலிஷ் மீன். ஆட்டம் முடிந்த மறுநாள் காலைச் சந்தையில் மீன் விலையை வைத்தே யார் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். இந்த இரண்டு குடும்பங்களிலும் நான் இல்லை.

அதனால் ஆரம்பத்தில் நியாயமாக யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்த்தேன். நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். வட சென்னையில் எங்கள் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு முன்னால் ஃபுட்பால்தான். ஆட்டத்தைப் பார்த்து அணியை எடைபோட எனக்குத் தெரியும். வரலாற்றைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரியும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஷியாம்பஜாரைச் சேர்ந்த மோகன் பகான் குடும்பத்தவர். 1911 ஜூலை 29-ஐ அவர் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட், பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மோகன் பகானின் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். முதல் கோல் வெள்ளைக்காரர்களுடையது. கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்கிறார். கடைசி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடிக்கிறார். அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அது. இன்றைக்கும் ஜூலை 29 மோகன் பகான் தினம்.

இந்தக் கதையைக் கேட்டு உடல் சிலிர்க்காத இந்தியர் இருக்க முடியாது. எனக்கும் சிலிர்த்தது. அறிவை வைத்து மட்டும் முடிவெடுத்திருந்தால் நான் மோகன் பகான் ரசிகனாகத்தான் ஆகியிருக்க வேண்டும். 1889-ல் தொடங்கிய பழைமை, 1911-ன் பெருமை, நாடு முழுவதும் தெரிந்த பெயர், எதிலும் குறையில்லை. ஆனால் மரியாதை வேறு, பாசம் வேறு.

நான் குடியிருந்தது ஜாதவ்பூர் பக்கம் பிஜய்கரில். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ முகாம் இருந்த இடத்தில், பிரிவினைக்குப் பிறகு அகதிகள் தாங்களே அமைத்துக்கொண்ட காலனி அது. வீட்டுக்காரம்மாவை மாஷிமா என்று கூப்பிடுவேன். பாரிசாலில் பிறந்து, சிறுமியாக சியால்தா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு படுத்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பாரிசால் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். வாசலில் ஓடிய கால்வாய், அப்பா வைத்த பாக்கு மரங்கள், படகில் வந்து மீன் விற்றவன் குரல்.

1997 ஜூலை 13 அன்று மாஷிமாவின் மகன் என்னை சால்ட் லேக் மைதானத்துக்கு அழைத்துப்போனார். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய ஆட்டம் அது. இந்தியாவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன்னுடைய 'டைமண்ட்' வியூகத்தைப் பற்றி நாள்தோறும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார், ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கேலி செய்தும் பேசியிருந்தார். பைச்சுங் பூட்டியா அன்று மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1.

கடைசி விசில் ஊதியதும் கேலரியில் செய்தித்தாள்களைச் சுருட்டிப் பற்றவைத்துத் தூக்கிப் பிடித்தார்கள். கிளப்பின் சின்னம் தீப்பந்தம். நூற்றுக்கணக்கான தீப்பந்தங்கள் அப்படி எரிவதை அன்றுதான் பார்த்தேன். என் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு முதியவர் வாய்விட்டு அழுதார். மூன்று கோலுக்கான அழுகை அல்ல அது. விட்டுவிட்டு வந்த வயல், பெயர் மாறிப்போன ஊர், திரும்பிப் போக முடியாத வீடு எல்லாவற்றையும் அந்த மனிதர் அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்.

எனக்கு என் ஆயா நினைவு வந்தது.

எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. நே வின் ஆட்சியில் கடைகள் அரசுடைமையானபோது, 1964-ல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, தாத்தா சேர்த்ததெல்லாம் போயிற்று. கப்பலில் சென்னை வந்தார்கள். வியாசர்பாடியில் பர்மா அகதிகளுக்குக் கிடைத்த இடத்தில் வீடு. கடைசிவரை ஆயா "நம்ம ஊரு" என்றால் ரங்கூன்தான். ஷ்வேடகோன் கோபுரம் விடியலில் எந்த நிறத்தில் இருக்கும், எந்தத் தெருமுனையில் மொஹிங்கா நன்றாக இருக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்கள் தெருவில் அத்தோ கடையின் பூண்டு வாசனை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். நாங்கள் சிறுவர்கள், கேட்டுச் சலித்தவர்கள். அக்கம்பக்கத்தாருக்கோ நாங்கள் பர்மாக்காரர்கள். பர்மாவில் எங்களைக் 'கலா' என்றார்கள் என்று ஆயா சொல்வாள். இரண்டு இடத்திலும் வெளியாள். அவளுக்குப் போய்க் கத்துவதற்கு ஒரு கேலரி இல்லை. ரங்கூன் தமிழர்களுக்கென்று ஒரு டீம் இருந்து, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயித்திருந்தால், அவளும் அந்த முதியவரைப்போல வாய்விட்டு அழுதிருப்பாள். அப்படியே மனத்துக்குள் வைத்துக்கொண்டு செத்துப்போனாள்.

சால்ட் லேக் கேலரியில் நான் சேர்ந்துகொண்டது அவளுக்காக. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. வங்காளிகளின் துயரத்தில் எனக்கு என்ன பங்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். பிறகு அந்தக் கிளப்பின் கதையைத் தெரிந்துகொண்டபோது பயம் விலகியது. ஈஸ்ட் பெங்கால் அகதிகள் தொடங்கிய கிளப் அல்ல. 1920-ல், பிரிவினைக்கு 27 ஆண்டுகளுக்கு முன்பு, ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டதில் கோபித்துக்கொண்டு வெளியேறிய சுரேஷ் சந்திர சவுத்ரியும் நண்பர்களும் தொடங்கியது. சியால்தாவில் இறங்கியவர்கள் தங்கள் ஊரின் பெயர் தாங்கிய அந்த அணியைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பொருள் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக ஆடியவர்களோ தென்னாட்டு ஐவர், பிறகு சிக்கிம்காரர் பூட்டியா. ரத்தம் பார்த்துக் கதவைத் திறக்கும் இடமாக அது ஒருபோதும் இருந்ததில்லை. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். மோகன் பகானின் ஆகப்பெரிய நாயகர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி, பிறந்தது கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சில். கடைசிவரை அவர் வேறு கிளப்புக்கு ஆடவில்லை.

இந்தப் பற்றை நான் அப்பழுக்கில்லாததாகக் காட்ட விரும்பவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இந்த இரு அணிகளின் ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் செத்தார்கள். அந்தத் தேதியை மாஷிமா வீட்டில் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இன்று வியாசர்பாடிக்குப் போனால் பையன்கள் பார்சிலோனா, செல்சி என்று ஜெர்சி அணிந்திருக்கிறார்கள். டிவியில் பார்த்து, தாங்கள் பார்க்கத் தொடங்கிய வருடம் யார் ஜெயித்தார்களோ அவர்களைப் பிடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். மெஸ்ஸி கிளப் மாறினால் இவர்களும் மாறுவார்கள். அதில் தவறு இல்லை, அழகான ஆட்டத்தை நேசிப்பதும் நேசம்தான். ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைப் பத்து வருடம் பார்க்கவைப்பது அழகு அல்ல. ஈஸ்ட் பெங்காலை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வெல்லும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள் தேசிய அளவில் ஒரு கோப்பைகூட இல்லை. விட்டுவிடலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

என் மகன் கொல்கத்தாவில் பிறந்தவன். 2009 அக்டோபரில் பள்ளித் தோழன் குடும்பத்தோடு சால்ட் லேக் போனான். மோகன் பகான் 5-3. சிடி எடே நான்கு கோல் அடித்த ஆட்டம். பச்சையும் மெரூனுமான கொடியோடு வீடு திரும்பினான். ஒரு ஆட்டத்து மயக்கம், போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், ஆயா கதையை முதல்முறையாக அவனிடம் முழுக்கச் சொன்னேன். சொன்னால் மாறுவான் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. பொறுமையாகக் கேட்டான்.

"அப்பா, உனக்கு வியாசர்பாடி, ஆயாவுக்கு ரங்கூன். எனக்கு இதுதானே ஊரு" என்றான். "இந்த ஊர்க்காரன்னு சொல்லிக்கற டீம் எனக்கு வேணும்."

மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் யாரும் தான் நிற்கும் மண்ணைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை. ஆயா தேடியது இதைத்தான். அவளுடைய வலியை அவனும் சுமந்தால்தான் குடும்பம் என்று எனக்குள் எங்கேயோ இருந்தது, அன்று போயிற்று. மோகன் பகான் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தான். அந்த வருடத்துக் கட்டணத்தை நான்தான் கட்டினேன்.