சுவரில் ஒட்டிய அட்டை

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் கணிதம் கற்பித்தேன். பிரச்சனைக் கணக்கு என்றாலே பிள்ளைகள் மிரண்டார்கள். அவர்களுக்காக ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 'மொத்தம்' என்றால் சேர்த்தல், 'மீதம்' என்றால் கழித்தல், 'சமமாகப் பங்கிட்டால்' வகுத்தல். கணக்கை முழுதாக வாசிக்காமலே விடை வந்தது. ஆண்டு 6 முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வில் தேர்ச்சி கூடியது. பாராட்டும் கிடைத்தது.

2003இல் அரசு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. அட்டையும் மாறியது: ஆல்டுகெதர், லெஃப்ட், ஷேர். வீட்டில் ஆங்கிலமே கேட்டிராத பிள்ளைகள் அந்தச் சொற்களை மட்டும் தேடி வட்டமிட்டார்கள். ஏன் பிள்ளைகளுக்குக் கணக்குப் புரியவில்லை என்று கேட்டவர்களுக்கு மொழிக்கொள்கையைக் கைகாட்டினேன். அதில் உண்மை உண்டு. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2011இல் ஆண்டு 1 தொடங்கிக் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. அந்தப் பிள்ளைகள் என் ஆண்டு 4 வகுப்புக்கு வந்தபோது பழைய தமிழ் அட்டையை மறுபடி ஒட்டினேன்.

ஒருநாள் இப்படி ஒரு கணக்குக் கொடுத்தேன்: கூடையின் எடை 2 கிலோகிராம். அதைக் கழித்த பின் மீதம் 28 கிலோகிராம் கொழுந்து. கூடையோடு நிறுத்தபோது எடை எவ்வளவு? கொழுந்து பறிப்பவரின் மகள் ஒருத்தி 26 என்று எழுதியிருந்தாள். நோட்டை மூடச் சொன்னேன்.

"கூடைக்கு ரெண்டு கிலோ கழிச்சு அம்மாவுக்கு இருபத்தெட்டுன்னு எழுதினா, தராசுல எவ்வளவு காட்டியிருக்கும்?"

"முப்பது, டீச்சர்." யோசிக்கவே இல்லை.

"அப்புறம் ஏம்மா இருபத்தாறுன்னு எழுதின?"

சுவரைக் காட்டினாள். "மீதம்னு இருக்கே, டீச்சர்."

மொழி அவளுடையது, கணக்கும் அவள் வீட்டுக் கணக்கு. பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தினால் ஏறக்குறைய 5 கிலோவுக்கு 1 கிலோ தூள் தேறும். ஐந்தில் ஒரு பாகத்தையும் 20 விழுக்காட்டையும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை வாசலிலேயே காட்டியிருக்கலாம். அட்டை போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்றே அதைக் கிழித்திருக்க வேண்டும். தேர்வு நெருங்குகிறது என்று விட்டுவைத்தேன். அட்டை காலை வாரும் கணக்குகள் தேர்வில் குறைவாகவே வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டுவைத்தேன். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில், படிவம் 1இல், மலாயில் கணிதம் படிக்கப் போனார்கள். தேடிப் பழகிய சொற்கள் அங்கே இல்லை. "கணக்கு வரல, டீச்சர்" என்று வந்து நின்றவர்களிடம், "மலாய் கொஞ்சம் கஷ்டந்தான், போகப் போகப் பழகிடும்" என்றேன். பழியை மறுபடியும் மொழி மேலேயே போட்டேன்.

பிறகு வந்த இளம் ஆசிரியை ஒருவர் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த ஆசிரியையின் வகுப்பில் அட்டை இன்னும் இருக்கிறதாம். அந்தச் சிறுமி 26 என்று எழுதிய கதையை இப்போதுதான் அவரிடம் சொல்லி, அட்டையை எடுத்துவிடச் சொன்னேன்.