அரைக் குளிசை

வீட்டுச் செலவுகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைப்பது என் பழக்கம். 2022ஆம் ஆண்டுப் பக்கங்களை அண்மையில் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. மாதந்தோறும் 'வாப்பா - மருந்து' என்றிருக்கிறது. 'மகள் - முட்டு மருந்து' என்றிருக்கிறது. 'உம்மா - மருந்து' என்று ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை ஒரு வரிகூட இல்லை.

உம்மாவுக்குப் பதினான்கு வருடமாக நீரிழிவு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மெட்ஃபோர்மின் இலவசமாகக் கிடைத்துவந்ததால், அவருடைய நோய்க்கு என் கொப்பியில் இடம் தேவைப்படவில்லை. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. மருந்து விலைகளும் கூடின. கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு மட்டும் குளிசை கொடுத்து, மிச்சத்தை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதினார்கள்.

"துண்டைத் தாங்க உம்மா, பாமசிக்குப் போறன்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாப்பாட மருந்த முதல்ல எடுங்க மனே. எனக்கிட்டக் கிடக்கு" என்றார்.

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கிடந்தது உண்மைதான். ஒவ்வொரு குளிசையையும் பாதியாக உடைத்துக் குடித்து வந்திருக்கிறார். ராத்தா வந்து தலையணைக்குக் கீழே அரைக் குளிசைகளைக் கண்டெடுத்தபோது, உம்மாவின் கால்விரலில் ஆறாத புண். செப்டெம்பரில் அந்த விரலை எடுத்தார்கள். "வாப்பாவுக்கு நெஞ்சு, எனக்கு விரல்தானே" என்றார்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். வாப்பாவின் கொலஸ்ட்ரோல் குளிசையை வெளிநாட்டுக் கம்பனிப் பெயரிலேயே வாங்கிக்கொண்டிருந்தேன். அதே மருந்து அட்டோர்வாஸ்டட்டின் என்ற மூலப்பெயரில் ஒசுசலவில் மலிவாக இருந்தது. டொக்டரிடம் கேட்டேன், மாற்றலாம் என்றார். மிஞ்சிய காசில் உம்மாவின் மருந்து வந்தது. இந்தக் கேள்வியை ஐந்து மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

மருந்துகளை மூலப்பெயரில், கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கி ஏழைக்கும் எட்டச் செய்யவேண்டும் என்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். நாட்டின் மருந்துச் செலவில் அவர் தேடிய நியாயத்தை என் வீட்டுக் கொப்பியில் நான் தேடவில்லை.

வாப்பாவுக்கு வாங்கியது பிழையல்ல. ஆனால் யாருடைய மருந்து காத்திருக்கலாம் என்று நாங்கள் கூடிப் பேசவில்லை. வாய் திறக்காதவருடையது காத்திருந்தது. எங்கள் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவரே கடைசியாக மருந்தும் குடிக்கிறார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் உம்மாவின் குளிசைகளை எண்ணிப் பார்க்கிறேன். "என்னில நம்பிக்கை இல்லையா மனே?" என்று ஏசுகிறார்.

போன மாதம் மனைவியின் கிளினிக் கொப்பி தற்செயலாகக் கையில் பட்டது. இரத்தச்சோகைக்குக் குளிசை வாங்கும்படி எழுதி இரண்டு மாதம். கேட்டேன்.

"அவசரமில்ல, பிறகு எடுப்பம்" என்றாள்.

அன்று பின்னேரமே பாமசிக்குப் போய்வந்து, கொப்பியில் அவளுக்கும் ஒரு வரி எழுதினேன்.