இரண்டாம் கியரின் பிடிவாதம்

ஒன்ராறியோவில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பாதி வருசத்துக்கான பொருள். பனிக்காலம் வந்து றோட்டில் உப்புக் கொட்டத் தொடங்கியதும் அது கராஜுக்குள் போய்விடும்; ஏப்ரல் மழை அந்த உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். ஸ்காபரோவில் அப்படியொரு பழைய மஸ்டா மியாட்டா வைத்திருப்பவர், யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரில் கார் ஓடப் பழகியவர். வசந்தத்தின் முதல் ஓட்டத்திலேயே அவருக்கு எரிச்சல் வந்துவிடும். முதலாம் கியர் சொன்னபடி கேட்கும். இரண்டாம் கியர் கேட்காது. லீவரை இழுத்தால் வாசலில் நின்று முறைக்கும். மேலும் இழுத்தால் கரகரவென்று அரைபடும்.

ஊரில் வலப்பக்கம் ஸ்டியரிங், இடக்கையில் கியர். கனடாவில் கியர் வலக்கைக்கு மாறிவிட்டது. ஆனால் வந்து இறங்குகிற பலருக்கு அந்தத் தடுமாற்றமே வாய்ப்பதில்லை. ஜி1, ஜி2 என்று லைசென்ஸ் படி ஏறுகிறவர்கள் பழகுவதும் சோதனை கொடுப்பதும் பெரும்பாலும் ஓட்டோமற்றிக்கில்தான். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டே ஒன்ராறியோவில் மனுவல் காரும் ஓடலாம். பிரித்தானியாவில் அது முடியாது. ஓட்டோமற்றிக்கில் சித்தியடைந்தவருக்கு அங்கே ஓட்டோமற்றிக் மட்டும்தான். ஆக, கிளச் மிதிக்கும் உரிமை இங்கே எல்லோருக்கும் இருக்கிறது, மிதிப்பதற்கான தேவைதான் இல்லை. ஊரில் வேறு வழியில்லாமல் கற்ற வித்தை இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆசையாகிவிட்டது.

மொரிஸ் மைனர் அந்த வித்தையைக் கறாராகவே கற்பித்த வாத்தியார். அதன் முதலாம் கியருக்கு, வேகத்தைத் தானே பொருத்திவிடும் சின்க்ரோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட வேண்டுமானால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்கி, பற்சக்கரங்களின் வேகத்தைக் காலாலும் காதாலும் பொருத்த வேண்டும். கியர் பெட்டிக்கு ஊற்றியதோ சாதாரண எஞ்சின் ஒயில். போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ் குடாநாட்டுக் கார்கள் சில துளி பெற்றோலில் விழித்து மண்ணெண்ணெயில் ஓடின. அப்போது எந்த ஒயில் நல்லது என்று யாரும் தர்க்கம் பண்ணவில்லை; கிடைத்ததுதான் நல்லது.

மியாட்டா வேறு உலகத்துப் பிள்ளை. ஹிரோஷிமாவில் தயாராகி, 1989இல் சிக்காகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்று 2000ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2016இல் உற்பத்தி பத்து இலட்சத்தைத் தொட்டது. அதன் கவர்ச்சியில் பெரும்பங்கு கியர் லீவருக்கு உரியது. நடுவில் கேபிளோ நீண்ட கம்பியோ இல்லாமல் லீவர் நேரே பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மணிக்கட்டை அசைத்தாலே போதும். அதனாலேயே உள்ளே நடக்கும் சின்னக் கோளாறும் உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் கியர் மட்டும் ஏன் முரண்டுபிடிக்கிறது? முதல் தலைமுறை மியாட்டாவின் ஐந்து கியர் பெட்டியில் முதலாம் கியரின் விகிதம் 3.136, இரண்டாவதினது 1.888. முதலாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது மாற்றினால், இரண்டாவதில் அது ஏறக்குறைய 3,600க்கு இறங்க வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது இவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. இந்த வேக வித்தியாசத்தைச் சமன் செய்வது சின்க்ரோ எனும் பித்தளை வளையம். கூம்பின்மேல் அழுந்தி, உரசி, வேகத்தைப் பொருத்திவிட்டுத்தான் அது கியருக்கு வழிவிடும். உரசுவதற்கு முன் இடையில் நிற்கும் ஒயில் படலத்தை வெட்டி விலக்க வேண்டும். குளிரில் தடித்த ஒயில் அவ்வளவு லேசில் விலகாது.

ஆகவே வழுக்குகிற ஒயில்தான் சிறந்தது என்று நினைப்பது தவறு. பற்கள் வழுக்க வேண்டும், வளையம் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஒயில் செய்ய வேண்டும். ஜிஎல்-5 தரத்துக் கியர் ஒயிலில் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த சேர்மானம் ஜிஎல்-4ஐவிட ஏறக்குறைய இரட்டிப்பு. பின் அச்சு டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்கென்று பிறந்தது அது. சூடேறும்போது சில வகைச் சேர்மானங்கள் பித்தளையை அரிக்கவும் கூடும். மஸ்டாவின் கைநூல் இரண்டையும் அனுமதிக்கிறது, ஸ்காபரோக்காரர் அனுமதிப்பதில்லை. அவருடைய தெரிவு செயற்கை ஜிஎல்-4, 75டபிள்யூ-90. இந்த 75டபிள்யூ என்பதில் விசயம் இருக்கிறது: அந்தத் தரத்து ஒயில் -40 பாகையிலும் குறித்த அளவுக்குமேல் தடிக்கக் கூடாது. 80டபிள்யூவுக்கு அந்த எல்லை -26 பாகையோடு முடிந்துவிடும்.

ஒயில் மாற்றும் வேலை பெரிதல்ல. கொஞ்ச நேரம் ஓடி ஒயிலைச் சூடாக்கி, நாலு ஸ்ராண்டில் காரை மட்டமாக நிறுத்தி, கீழே படுக்க வேண்டும். இந்த முறை படுத்தது இங்கேயே பிறந்து வளர்ந்த மருமகன்.

“மாமா, கீழ் நட்டு லேசாக் கழருது. திறக்கட்டோ?”

“பொறு தம்பி. முதல்ல பக்கத்தில இருக்கிற மேல் நட்டைக் கழட்டு. அது இறுகிக் கிடந்தா, பிறகு புது ஒயிலை எதாலை விடுவாய்?”

வெளியே வரும் ஒயிலைப் பார்த்தே பெட்டியின் உடல்நிலையைச் சொல்லலாம். சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் இருந்தால் வயதின் தேய்மானம். பித்தளைத் தூள் மினுங்கினால் சின்க்ரோ கரைகிறது. உலோகத் துண்டு விழுந்தால் ஒயில் போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம். தேய்ந்த வளையத்தை எந்த ஒயிலும் வளர்க்காது.

புது ஒயில் சுமார் 2 லீட்டர். எஞ்சின் பக்கமிருந்து நீண்ட குழாயை இறக்கி, புனல் வைத்து, மேல் துவாரத்தால் வழியும்வரை விட வேண்டும். அதோடு முடிந்தது என்று பலர் எழும்பிவிடுவார்கள். லீவரின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. பெட்டியின் ஒயில் அங்கே எட்டாது. அதற்குத் தனியாக 100 மில்லிலீட்டருக்கும் குறைவாக ஊற்ற வேண்டும். அங்கேயுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றினால்தான் லீவரின் கரடுமுரடு போகும், கோடையில் காருக்குள் ஏறும் சூடும் குறையும்.

கழிவு ஒயிலை, புது ஒயில் வந்த போத்தல்களிலேயே அடைத்து ரொறன்ரோ மாநகரின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுக்கலாம். ஊரில் என்றால் கொட்டில் கப்புகளில் கறையான் ஏறாமல் பூசியிருப்பார்கள். ஸ்காபரோவின் பின்வளவு வேலியில் பூசினால் பக்கத்து வீட்டுக்காரர் நகரசபைக்குப் போன் எடுப்பார்.