குடத்துல தண்ணி இருக்கா?

நீங்கள் ஒரு சினிமா பார்க்க உட்கார்ந்தால் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? ஹீரோ என்ட்ரி, ஹீரோயின் முகம், பாட்டு, பஞ்ச் டயலாக்... எதுவாகவும் இருக்கலாம். நான் குடத்தைப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். திருச்சுழிப் பக்கம் வளர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி உண்டு.

கிராமத்துப் படம். ஆற்றங்கரை. கதாநாயகி இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வருகிறார். ஹீரோ வழியை மறிக்கிறார். உடனே ஒரு சுற்று சுற்றி, துள்ளி, குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி... போச்சு! எனக்குப் படம் அங்கேயே முடிந்துவிடும். குடம் காலி.

ஒரு பிளாஸ்டிக் குடம் சுமாராக 15 லிட்டர் பிடிக்கும். அதாவது 15 கிலோ. பித்தளை என்றால் குடத்தின் கனமும் சேரும். அதைத் தூக்கி நடக்கிற பெண்ணின் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். சும்மா இருக்கிற கை காற்றில் நீண்டு நிற்கும். நடை சிறுத்துப்போகும். இடுப்புச் சேலை நனைந்திருக்கும். தலையில் என்றால் சும்மாடு இருக்கும், தளும்பாமலிருக்க குடத்து வாயில் வேப்பங்குழை செருகியிருக்கும். காதல் வசனம் பேசுகிற அளவுக்கு மூச்சு மிச்சமிருக்காது. எங்கள் பக்கம் நாலு குடம், ஆறு குடம் வைக்கிற மாதிரி ஒரு தள்ளுவண்டி உண்டு. திருச்சுழி, நரிக்குடி ரோட்டில் காலையில் போனால் பார்க்கலாம். ஒரு கதாநாயகி அதைத் தள்ளிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை.

தமிழ் சினிமா, கிராமம் வேண்டுமென்றால் கோபிச்செட்டிப்பாளையத்துக்குப் போய்ப் பழகிவிட்டது. வாய்க்கால், வரப்பு, தென்னை, கொடிவேரி அணை... கண்ணுக்குக் குளிர்ச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து பாருங்கள். சீமைக்கருவேலம், அதை வெட்டிக் கரி போடுகிற மூட்டம், மழை ஏமாற்றினால் வெடித்துக் கிடக்கிற கண்மாய். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழிக்கு வருகிறவர்கள் குண்டாற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். முக்கால்வாசி நாள் மணலைத்தான் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். இந்த மாதிரி ஊர்களுக்கு கேமரா வந்தால் கூடவே ஓர் அரிவாளும் வந்துவிடுகிறது. பூமி காய்ந்திருந்தால் மனுஷனும் வெட்டிக்கொள்வான் என்று எவர் சொன்னாரோ!

2006-ல் வந்த வசந்தபாலனின் ‘வெயில்’ கொஞ்சம் ஆறுதல். அவர் விருதுநகர்க்காரர். அதனால் அந்தப் படத்தில் வெயில் பின்னணி இல்லை, ஒரு பாத்திரம். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுத் தோழன். பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துப் படம் பார்த்த பையனுக்கோ அதுவே தண்டனை. அப்பா அவனைக் கட்டிப் போடுகிற இடம் அந்த வெயில்தான். ஓடிப்போன பையன் கடைசியில் ஒதுங்குகிற இடம் ஒரு சினிமா தியேட்டர்.

1977-ல் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்து முதலமைச்சர் நாற்காலிக்கு அனுப்பிய தொகுதி அருப்புக்கோட்டை. எங்கள் ஆட்கள் சினிமாவை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் இல்லை. அவர் முதல்வராக இருந்த 1981-ல்தான் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் படமாக்கினார் கே.பாலசந்தர். ‘தண்ணீர் தண்ணீர்’. அத்திப்பட்டி என்ற ஊர், குடிக்கத் தண்ணீர் இல்லை, எங்கிருந்தோ வந்த ஒருவன் தொலைதூரத்து ஊற்றிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். அதற்கும் கேடு வருகிறது. சரிதாவின் இடுப்பில் இருக்கிற குடத்தை நான் சந்தேகப்பட்டதே இல்லை. தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது.

நான் அதை டி.வி.யில்தான் பார்த்தேன். பக்கத்தில் அப்பத்தா. பாதிப் படத்தில் எழுந்துவிட்டார்.

“என்னத்தா, பிடிக்கலையா?”

“இதப் போயி எதுக்குய்யா படமா எடுத்திருக்கான்? இதத்தான நான் தெனமும் பாக்கேன்.”

விருதுக் கமிட்டியில் யாரும் இப்படி ஒரு விமர்சனம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே அப்பத்தா மழைப் பாட்டு வந்தால் அசைய மாட்டார். நானோ பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஷூட்டிங் மழை என்பது டேங்கர் லாரித் தண்ணீர். ஒரு லாரிக்கு 12,000 லிட்டர் என்று வைத்தால் 800 குடம். எங்கள் தெரு முழுக்கப் பிடிக்கலாம். ரெண்டு பேர் கட்டிப்பிடித்து ஆட இத்தனையா என்று ஒரு தடவை பொருமினேன். அப்பத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பேயட்டும்யா. அங்கனயாவது பேயட்டும்.”

ஆனால், சீரியல் விஷயத்தில் அவர் வேறு ஆள். ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ காலம். ஏதோ ஒரு தொடரில் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுகிறாள். க்ளோஸப். பின்னணி இசை. கண்ணீரும் நிற்கவில்லை, குழாயும் நிற்கவில்லை. அப்பத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “அடியே, பைப்ப மூடிட்டு அழுடி!” என்று கத்தினார் பாருங்கள், தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

மழைப் பாட்டு கனவு என்று அவருக்குத் தெரியும். கனவில் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். குழாய் அப்படி இல்லையே. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, வரிசையில் குடம் போட்டுக் காத்துக் கிடந்தவர் கண் முன்னால் அதைத் திறந்துவிட்டால்? அந்த மருமகள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அப்பத்தா அவளை மன்னிக்கவே இல்லை. தொடர் முடிகிறவரை மாமியார் கட்சிதான்.

2014-ல் தண்ணீரை நம்பி ரெண்டு பெரிய ஹீரோக்கள் வந்தார்கள். தீபாவளிக்கு ‘கத்தி’, டிசம்பரில் ‘லிங்கா’. ரஜினி சொத்தை விற்று அணை கட்டினார். தலைவர் கட்டினால் அணை நிற்கும், அதில் சந்தேகமில்லை. எனக்குப் பிடித்தது ‘கத்தி’யில் அந்தக் குழாய்க் காட்சி. சென்னைக்குப் போகிற ராட்சதக் குழாய்க்குள் கிராமத்துப் பெரியவர்கள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நகரத்துக் குழாயில் காற்று வந்த பிறகுதான் அப்படி ஒரு ஊர் இருப்பதே எல்லோருக்கும் தெரிகிறது. பிரஸ் மீட்டில் விஜய் பேசிய அத்தனை நிமிஷத்தைவிட, குழாய்க்குள் சும்மா உட்கார்ந்திருந்த அந்தக் கிழவர்கள் எனக்கு அதிகம் சொன்னார்கள்.

2017-ல் ‘அறம்’. கோபி நயினார் இயக்கம், நயன்தாரா கலெக்டர். ஆழ்துளைக் கிணற்றுக்குள் குழந்தை. மேலே ராக்கெட் பறக்கிறது. நம் படங்களில் தண்ணீர் தேடுகிறவர்களைக் காட்டுவார்கள். தேடிவிட்டு மூடாமல் போன ஓட்டையை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த படம் இதுதான். படம் முடிந்த பிறகு, எங்கள் ஊர்க் காட்டில் எத்தனை ஓட்டை என்று மனசு தானாக எண்ண ஆரம்பித்தது.

போன கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் தாமிரபரணித் தண்ணீரே குழாயில் வருகிறது, ஆனால் தினமும் இல்லை. தண்ணீர் வருகிற நாள் ராத்திரி. தெருக்குழாயடியில் கலர் கலராகக் குடங்கள். பக்கத்தில் படிக்கட்டில் ஒரு மதினி செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ மழைப் பாட்டு. ஆனால், சத்தமே வரவில்லை. “என்ன மதினி, ஊமைப் படமா?” என்றேன்.

“சவுண்டு வச்சா குழாயில காத்து சீறுறது கேக்காதுல்ல கொழுந்தா” என்றார், கண்ணை எடுக்காமலே.