சுடுகம்பியின் நேரக் கணக்கு

தெர்மாகோலைச் சூடான கம்பியால் வெட்டும்போது, எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், கம்பி தெர்மாகோல்மேல் படுவதே இல்லை. கம்பியின் சூடு ஒரு மயிரிழை முன்னால் போய் பாலிஸ்டைரீனை இளக்குகிறது. திறந்த வழியில் கம்பி நுழைகிறது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். தெர்மாகோலில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான் என்பதால், இளகியதும் அத்தனை இடமும் சுருங்கிக் காலியாகிவிடும். வெட்டி முடித்து மேல்பாதியை மெல்லத் தூக்கினால் இரண்டு பரப்புக்கும் நடுவே சிலந்தி நூல் போல இழைகள் இழுபடும். இழை வந்தால் சூடும் வேகமும் பொருந்திவிட்டன. பரப்பு குழிகுழியாகப் பளபளத்தால் சூடு அதிகம். கம்பி நடுவில் வளைந்து பின்தங்கி வந்தால் சூடு போதவில்லை.

ரேடியோ கண்ட்ரோல் கிளைடர்களுக்கு இறக்கை வெட்டத்தான் இந்தச் சுடுகம்பி மெஷினைக் கட்டினேன். மரம் வெட்டும் ரவுட்டரில் பிரச்சினை பலம்: பிட் தள்ளும், ஃபிரேம் தாங்க வேண்டும். இங்கே பலத்துக்கு வேலையே இல்லை, நேரம்தான் எல்லாம். தெர்மாகோலின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரே அளவு சூட்டை வாங்க வேண்டும். நான் இதில் செய்த மாற்றங்கள் எல்லாமே அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான்.

அமைப்பு எளிது. மேசையின் இரு பக்கமும் ஒவ்வொரு கோபுரம். ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒரு மோட்டார், மேல்கீழாக ஒரு மோட்டார். மொத்தம் நான்கு அச்சு. நடுவே ஒரு மீட்டர் நைக்ரோம் கம்பி. முதலில் அலமாரிக்குப் போடும் டிராயர் சேனல்களில்தான் கோபுரங்களை ஓடவிட்டேன். பாரமே இல்லாததால் அவை தாங்கும். ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் பிறகு 12 மில்லிமீட்டர் ராடும் லீனியர் பேரிங்கும் போட்டேன். கோயம்புத்தூரில் கணபதி பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இரண்டு முனையும் செங்குத்தாகக் கடைந்த ராட் ஒரே மாலையில் கைக்கு வந்துவிடும். ஓட்டுவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்8 திரெட் ராட் போதும். அதன் புரியிடை 1.25 மில்லிமீட்டர். 200 ஸ்டெப் மோட்டாரை 16 மைக்ரோஸ்டெப்பில் ஓட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு 2,560 ஸ்டெப். நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்துக்கு ராட் 240 சுற்று சுற்றினால் போதும். விலை உயர்ந்த பால் ஸ்குரூவுக்கு இங்கே வேலை இல்லை என்று தயங்காமல் சொல்வேன். வாங்கும்போது கடைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து, வளையாத ராடாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்பியில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. நிக்கலும் குரோமியமும் ஏறக்குறைய எண்பதுக்கு இருபதாகக் கலந்த நைக்ரோமுக்கு 1906இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் ஆல்பர்ட் மார்ஷ். சூடேறினாலும் இதன் மின்தடை அதிகம் மாறாது. அதனால் வோல்டேஜை நிலையாக வைத்தால் சூடும் நிலையாக நிற்கும். 0.3 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்குச் சுமார் 15.5 ஓம். 24 வோல்ட் கொடுத்தால் ஒன்றரை ஆம்பியர், 37 வாட் அளவுக்கு. ஒரு மீட்டருக்கு இது தாராளம், பெரும்பாலும் குறைத்துத்தான் ஓட்டுவேன். பழைய ஹீட்டர் காயிலைப் பிரித்து நேராக்கிப் போடுகிறவர்கள் உண்டு. எவ்வளவு இழுத்தாலும் சுருளின் நெளிவு எங்கேயாவது மிஞ்சும். அந்த நெளிவு இறக்கையின் முழு அகலத்துக்கும் ஒரு கோடாக விழும்.

கம்பி சூடேறினால் நீளும். 250 டிகிரி ஏற்றத்துக்கு ஒரு மீட்டர் கம்பி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கிக் கட்டியிருந்தால் நடுவே தொய்ந்துவிடும். நேர்மாறான தேவையும் உண்டு. ஒரு கோபுரம் மற்றதைவிட 100 மில்லிமீட்டர் முந்திப் போனால், குறுக்கே நிற்கும் கம்பிக்கு 5 மில்லிமீட்டர் கூடுதல் நீளம் வேண்டும். ஆகவே ஒரு முனையில் ஸ்பிரிங். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் அந்த 5 மில்லிமீட்டருக்கே இழுவையை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும், சூடான நைக்ரோமும் அதற்கு அறுந்துவிடும். நீளமான, மெத்தென்ற ஸ்பிரிங்தான் சரி. மின்சாரம் கொடுப்பதற்கு முன் கம்பியை விரலால் சுண்டிப் பார்ப்பேன். பழகிய காதுக்கு அந்தச் சுருதியே இழுவையைச் சொல்லிவிடும்.

இழுத்துக் கட்டிய கம்பி என்பதால் மோட்டாரின் அதிர்வுக்கும் அது கூடவே அதிரும். வெட்டிய இறக்கையை டியூப்லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்து, பரப்போடு பரப்பாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் மெல்லிய வரிகள் தெரியும். நேராகப் பார்த்தால் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. மேலே ஃபிலிம் ஒட்டி வெயிலில் பறக்கவிட்டால் பளிச்சென்று தெரியும். ஏ4988 மோட்டார் டிரைவர்களைக் கழற்றிவிட்டு டிஎம்சி2209 போட்ட பிறகு என் மெஷினில் அந்த வரிகள் அடங்கின. மோட்டார் சத்தம் அடங்கியதில் வேறு நன்மையும் கிடைத்தது: கம்பி தெர்மாகோலுக்குள் போகும் மெல்லிய சீறல் இப்போது காதில் விழுகிறது. சீறலில் ஏற்ற இறக்கம் வந்தால் எங்கோ வேகம் மாறுகிறது என்று பொருள்.

அந்த வேகத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிய ஜிஆர்பிஎல்தான் வீட்டு சிஎன்சிக்கள் பலவற்றின் மூளை. ஆர்டுயினோ உனோவில் அது மூன்று அச்சோடு நின்றுவிடும்; நான்குக்கு மெகா 2560 பலகையும் அதற்கென்று விரித்தெழுதிய வகையும் வேண்டும். அங்கே ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. நான்கு அச்சின் நகர்வையும் சேர்த்து ஒரே தூரமாக அது கணக்கிடும். இரண்டு கோபுரமும் ஒன்றாக நேரே போகும்போது எஃப்300 என்று வேகம் கொடுத்தால், தெர்மாகோலில் கம்பி போவது நிமிடத்துக்கு 212 மில்லிமீட்டர்தான். ஒரு கோபுரம் நின்று மற்றது மட்டும் நகர்ந்தால், நகரும் முனை 300இல் போகும். ஒரே கட்டளை, இரண்டு வேகம். இதற்கு ஜி93 முறைதான் மருந்து. அதில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்றே சொல்லிவிடலாம். சூட்டை நேரத்தால் அளக்கிற மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமான மொழி கிடையாது.

நுனி குறுகும் இறக்கையில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. அடியில் 240, நுனியில் 150 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் ஒரு முனை 240ஐயும் மறுமுனை 150ஐயும் கடக்க வேண்டும். நுனிப் பக்கம் கம்பி மெதுவாகப் போவதால் அங்கே தெர்மாகோல் அதிக நேரம் சூடு வாங்கி அகலமாக உருகும். மெல்லிய நுனி மேலும் மெலிந்துபோகும். அதற்கு ஈடாக ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி உருகல் அளவு கொடுத்தாக வேண்டும். வேறு வேறு வேகத்தில் துண்டுகளை வெட்டி, வெர்னியரால் அளந்து, அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புதுத் தெர்மாகோல் வந்தால் புது அட்டவணை. இன்னொன்று: 600 மில்லிமீட்டர் நீளத் தெர்மாகோலை ஒரு மீட்டர் இடைவெளியின் நட்ட நடுவே வைத்தால், கோபுரங்கள் நகர வேண்டியது 270உம் 120உம். தெர்மாகோலுக்கு வெளியேயும் கம்பியின் சாய்வு தொடர்கிறது அல்லவா? ஜெடிகட் போன்ற இலவச மென்பொருள்கள் இதைத் தாமே போட்டுக்கொள்ளும். ஆனாலும் முதல் இறக்கைக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதை எல்லோருக்கும் வற்புறுத்துவேன்.

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்துக்குப் பஞ்சமில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் 1,500க்கும் மேற்பட்ட ஏர்ஃபாயில்களின் புள்ளிகள் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது 1922இல் வெர்ஜீனியஸ் கிளார்க் வடிவமைத்த கிளார்க் ஒய். லிண்ட்பர்க் 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் இறக்கையும் அதுதான். அடிப்பக்கம் பெரும்பகுதி தட்டையாக இருப்பதால் மேசையில் அப்படியே உட்காரும்.

வெட்டும்போது சீலிங் ஃபேன் ஓடக்கூடாது. காற்று படுகிற பக்கம் கம்பி ஆறிப்போய், இதுவரை பார்த்த கணக்கெல்லாம் வீணாகும். அதற்காக அறையை மூடி வைக்கவும் முடியாது, ஸ்டைரீன் புகை நெஞ்சுக்கு ஆகாது. கம்பிமேல் நேராக அடிக்காமல், தூரத்தில் மெதுவாக இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வழி. பாலியூரித்தேன் ஃபோமையும் பிவிசி ஃபோமையும் சூடான கம்பியின் பக்கமே கொண்டுவரக் கூடாது. முன்னதிலிருந்து சயனைடு வாயுவும் பின்னதிலிருந்து அமில வாயுவும் வரும்.

இப்போது மேசையில் இருப்பது நுனியில் இரண்டு டிகிரி முறுக்கு உள்ள இறக்கை. வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசை இழக்காமலிருக்க அந்த முறுக்கு. 150 மில்லிமீட்டர் நுனியில் பின்விளிம்பு 5 மில்லிமீட்டர் உயர்ந்தால் இரண்டு டிகிரி வந்துவிடும். கையால் வார்ப்புரு வைத்து வெட்டிய காலத்தில் இதைப் பிசகாமல் கொண்டுவருவது பெரும்பாடு. இங்கே நுனிப் புள்ளிகளை மட்டும் சுழற்றிக் கொடுத்தால் போதும். இறக்கையைச் சுற்றி மிச்சமாகும் மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் நான் தூக்கி எறிவதில்லை. எது எந்தப் பக்கம் என்று பேனாவால் எழுதி வைத்துவிடுவேன். பால்சாத் தகட்டை எபாக்சியால் ஒட்டும்போது இறக்கையை அந்த இரண்டுக்கும் நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றினால், பசை இறுகும்வரை அந்த 5 மில்லிமீட்டர் அசையாமல் நிற்கும்.